ஊஞ்சல் பலகைக்கு எந்தப் பாலிஷ்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தேக்கு ஊஞ்சல் உண்டு. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். என் மாமியார் கல்யாணமாகி வந்தபோதே இருந்ததாம். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. காலைக் காப்பி, மத்தியானத் தூக்கம் எல்லாம் அதில்தான். சுடச்சுட டம்ளர் வைத்து வைத்துப் பலகை முழுக்க வெள்ளை வட்டங்கள்.

போன வருஷம் என் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. "இந்த ஊஞ்சல்ல உட்கார வெச்சுத்தான் வளையல் போடணும்" என்று மாமியார் சொல்லிவிட்டார். அதற்குள் பாலிஷ் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். கையில் ஐந்து வாரம் இருந்தது.

பாலிஷ் என்றால் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். வந்த பாலிஷ்காரர் இரண்டு கணக்குச் சொன்னார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய ஸ்பிரிட் பாலிஷ், கூலியோடு சதுர அடிக்கு 70 ரூபாய். இரண்டு பக்கமும் ஓரங்களும் சேர்த்து 22 சதுர அடி, 1,540 ரூபாய். பி.யு. பாலிஷ் என்றால் ஸ்பிரே மிஷினைக் கொண்டுவர வேண்டுமாம், சின்ன வேலையானாலும் 5,000 ரூபாய்க்குக் குறையாதாம்.

மூன்றாவதைப் பற்றிச் சொன்னவன் என் தம்பி. ஹார்டு வாக்ஸ் ஆயில் என்று பெயர். ஆளிவிதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெய்களையும், கார்னூபா என்கிற பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் கெட்டி மெழுகையும் கலந்து செய்வது. நாமே துணியால் தேய்த்துக்கொள்ளலாம். 375 மில்லி டப்பா 2,700 ரூபாய்! "ஒரு டம்ளர் எண்ணெய்க்கு இவ்வளவா?" என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

டப்பாவின் விலையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் தோன்றும். அதில் போட்டிருந்த கணக்குப்படி ஒரு லிட்டர், ஒரு கைப் பூச்சுக்கு 24 சதுர மீட்டர் வரும். அப்படியானால் 375 மில்லி, இரண்டு கைப் பூச்சுக்கு ஏறக்குறைய 48 சதுர அடிக்குக் காணும். சதுர அடிக்கு 56 ரூபாய். எங்கள் பலகைக்கு 1,240 ரூபாய். கூலி என் கை. ஸ்பிரிட் பாலிஷுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே!

ஆனாலும் வாங்கிவிட்டுப் பிறகு வருத்தப்படக் கூடாதே. ஆசாரியிடம் தேக்குத் துண்டுகள் கேட்டு வாங்கினேன். ஒன்றில் பாலிஷ்காரர் அரக்கு போட்டுக் கொடுத்தார். இன்னொன்றில், தம்பி வீட்டில் மிச்சமிருந்த எண்ணெயை நான் தேய்த்தேன். சில நாள் காயவிட்டு, இரண்டிலும் கொதிக்கும் காப்பி டம்ளரை வைத்தேன். அரக்குத் துண்டில் அச்சடித்த மாதிரி வெள்ளை வட்டம். எண்ணெய்த் துண்டில் லேசான தடம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்ததும் மறைந்தது. மஞ்சள் தண்ணீர் மட்டும் எண்ணெய்த் துண்டிலும் கறையாய் நின்றது. வெயிலில் வைத்தேன், நாளடைவில் வெளுத்தது.

பி.யு.வை எதிர்வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபள. காப்பி, மஞ்சள் எதற்கும் அசையாது. ஆனால் பாத்திரம் இழுத்துக் கீறிய இடம் வெள்ளைக் கோடாய்த் தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய வராதாம். மேஜைப் பலகை முழுவதையும் தேய்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டுமாம். அழகுக்கு அரக்குதான், சந்தேகமில்லை. அந்தத் தேன் நிறமும் ஆழமும் வேறெதிலும் வராது. வயதானவர் காப்பி வைக்கிற பலகைக்கு அது தாங்காது, அவ்வளவுதான்.

எண்ணெயே என்று முடிவு செய்தேன். பழைய பாலிஷ் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, பிறகு 120, 180 நம்பர் உப்புத்தாளால் ரேகை போகிற போக்கிலேயே தேய்த்தேன். அதைவிட நைசாகத் தேய்த்தால் மரம் எண்ணெயை இழுக்காதாம். இரண்டு நாள் தோள்வலி. முதல் கைப் பூச்சு தேய்த்ததும் சாம்பல் பூத்த பலகை, மழையில் நனைந்த மரம் போலக் கருத்து, ரேகை எல்லாம் எழுந்து வந்தது. கூடத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிசாகத்தான் பூச வேண்டும். மேலே தேங்கியதைத் துடைக்காவிட்டால் பிசுபிசுப்பு போகாது. இரண்டாம் பூச்சு மறுநாள். முழுதும் இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை ஈரம் படக் கூடாது. டர்பன்டைன் மாதிரி வாடை நாலைந்து நாள் இருந்தது. பெண் வருவதற்கு முன்பே முடித்தது நல்லதாயிற்று.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனியுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி, மாடிப்படி அடியில் பிளாஸ்டிக் வாளியில் போட்டிருந்தேன். சாயங்காலம் ஏதோ தீய்ந்த வாடை. அடுப்பில் ஒன்றுமில்லை. வாளியில் கை வைத்தால் துணி நெருப்பாய்ச் சுடுகிறது! அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிக் கிணற்றடியில் தண்ணீரை ஊற்றினேன். எனக்குக் கை கால் ஆடிப்போயிற்று. இந்த எண்ணெய் காற்றோடு கலந்து காயும்போது சூடு உண்டாகுமாம். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளுமாம். டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. இப்போதெல்லாம் துணியை உடனே தண்ணீரில் முக்குகிறேன், அல்லது வெளியே ஒற்றையாய் விரித்துப் போட்டு, விறைப்பாய்க் காய்ந்த பிறகுதான் குப்பையில் போடுகிறேன். நல்லவேளை, அன்று வீட்டில் யாரும் தூங்கப் போயிருக்கவில்லை.

வளைகாப்பு அன்று என் பெண் அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். மாமியார் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்த்து, "மரமாவே இருக்கே, பரவாயில்லை" என்றார். "செலவு பண்ணினதே தெரியலையே!" என்பது என் கணவரின் குறை. அவருக்குப் பளபளப்பு வேண்டும்.

டப்பாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. திறந்த டப்பா ஆடை கட்டிக் கெட்டுப்போகும் என்றார்கள். அதனால் பூஜை அறை மணைகள் இரண்டுக்கும் தேய்த்துவிட்டேன்.