முட்டுக்கட்டை

தேரோட்டம் காணச் செல்வோரின் கண்கள் முதலில் கலசத்தை நோக்கும். பின்னர் வடம் பிடிப்போரை நோக்கும். சக்கரத்தின் அருகே குனிந்து நிற்கும் மனிதரை நோக்குவார் மிகச் சிலரே. அவர் கையில் இருப்பது ஒரு கட்டை. வீதி திரும்புமிடத்தில் எந்தச் சக்கரத்தின்கீழ், எந்த நொடியில், எவ்வாறு அதனை இடவேண்டும் என்பதை அவர் அறிவார். ஏறத்தாழ 300 டன் எடையுள்ளதாகக் கூறப்படும் திருவாரூர் ஆழித்தேரும் அக்கட்டைக்குப் பணிந்தே திரும்புகிறது. அதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். இன்றைய வழக்கிலோ அச்சொல் தடை என்னும் பொருளையே பெரும்பாலும் தருகிறது. தேரைத் திருப்பத் துணைசெய்யும் பொருள், தடுப்பதற்கே உரியதென்று பழி சுமந்துவிட்டது. மறைந்து நின்று உதவுவோர்க்கு மொழியிலும் நன்றி குறைவு போலும்!

மோட்டார் வண்டியிலும் இத்தகைய மறைந்த உதவியொன்று உண்டு. அதுவே பவர் ஸ்டியரிங். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் அதனை உருவாக்கினார். 1951ஆம் ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனம் அதனைப் பயணியர் வண்டியில் பொருத்தி விற்பனைக்குக் கொணர்ந்தது. எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட சிறு பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். ஓட்டுநர் சக்கரத்தைச் சற்றே திருப்பியதும் அவ்வழுத்தம் அதே திசையில் அவருக்குத் துணைநிற்கும். திருப்பியது தம் கைதான் என்று அவர் எண்ணிக்கொள்வார்.

தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலையின் நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியில் அப்பம்பு ஓசையின்றித் தொண்டாற்றும். பந்தயத் தடத்தில் நிலைமை வேறு. சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் சிப்பாங் தடத்திற்குத் தம் வண்டிகளை ஓட்டிச் செல்லும் ஆர்வலர்கள் இதனை நன்கறிவர். அங்கு எஞ்சின் இடைவிடாது உச்ச வேகத்தில் சுழல்கிறது. பம்பும் உடன் சுழல்கிறது. வளைவுக்குப் பின் வளைவு வர, எண்ணெய் கொதிப்பேறிப் பெருகுகிறது. காற்றுக் குமிழிகள் கலந்து நுரைக்கிறது. நுரைக்கு அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல் இல்லை. முதலில் பம்பு முனகும். பின்னர் விரைந்து திருப்ப வேண்டிய நொடியில் சக்கரம் கல்லாய்க் கனக்கும். கலத்திலிருந்து வழியும் எண்ணெய் சூடேறிய குழாய்மீது பட்டால் தீப்பற்றவும் கூடும். ஆதலால் அறிந்தோர் எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியைச் சேர்ப்பர்; பம்பின் சுழற்சியைக் குறைக்கப் பெரிய கப்பியைப் பொருத்துவர்; உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் எண்ணெயை ஊற்றுவர். முனகலைக் கேட்டதும் வேகத்தைத் தணிப்பதே இவை அனைத்தினும் முதன்மையானது.

சிங்கப்பூருக்குப் பந்தயம் புதிதன்று. 1961 முதல் 1973 வரை மேல் தாம்சன் சாலையில் பந்தயங்கள் நடந்தன. 2008ஆம் ஆண்டில் மரினா பே தெருக்களில் பார்முலா ஒன் வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் நடந்தது. அவ்வகை வண்டிகளில் மின்விசையால் இயங்கும் ஸ்டியரிங் உதவிக்கு இடமில்லை. எண்ணெயின் அழுத்தமே துணை. பற்சக்கரம் மாற்றுவதற்கும் எண்ணெயின் அழுத்தமே வேண்டும். அழுத்தம் வீழ்ந்தால் ஓட்டுநரின் பல கைகள் ஒருங்கே முறிந்தாற்போல் ஆகும்.

அவ்வாறு முறிந்த கைகளோடு ஒரு தமிழர் தவித்த நாள் 2012ஆம் ஆண்டு நவம்பர் 4. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டில் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெருமை பெற்றவர். 2012இல் அவர் ஸ்பெயின் நாட்டின் எச்.ஆர்.டி. என்னும் சிறிய அணிக்கு ஓட்டினார். செப்டம்பர்த் திங்களில் சிங்கப்பூர்ப் பந்தயத்தில் சுவரில் மோதி வெளியேறியிருந்தார். ஆறு வாரங்களுக்குப் பின் அபுதாபியில், பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகளே ஆன நிலையில், அவருடைய வண்டியின் எண்ணெய் அழுத்தம் வீழ்ந்தது. ஸ்டியரிங் இறுகியது. அவர் வேகத்தைத் தணித்தார். முதற்சுற்றிலேயே சேதமுற்றுப் பின்தங்கி, முன்னேறும் முனைப்போடு அவர் பின்னே வந்துகொண்டிருந்தார் ஜெர்மானிய வீரர் நிக்கோ ரோஸ்பெர்க். முன்வண்டி திடீரெனத் தளரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மோதிய வேகத்தில் அவருடைய வண்டி கார்த்திகேயனின் வண்டிமீது ஏறிப் பறந்து தடுப்பில் வீழ்ந்தது. இருவரும் காயமின்றித் தப்பினர்.

தொலைக்காட்சியில் கண்டோர்க்குத் தெரிந்தது ஒன்றே: மெல்லச் சென்றவர் விரைந்து வந்தவருக்கு முட்டுக்கட்டையானார். இறுகிய சக்கரத்தை அவர்கள் காணவில்லை. திருப்ப இயலாத வண்டியை வளைவை நோக்கி அதே வேகத்தில் செலுத்துவது பேதைமை. காலைத் தளர்த்தியதே அறிவுடைமை. ஆயினும் அவ்வறிவே ஆபத்தை வரவழைத்தது. பின்னால் வந்தவர்மீதும் குற்றம் காண இயலாது. குற்றம் இருவர்க்கும் இடையே, ஒருவர் கண்ணுக்கும் புலப்படாத குழாயொன்றில் இருந்தது.

இக்காட்சி பந்தயத் தடத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழ் வகுப்பில் நேற்றுவரை தடையின்றிப் படித்த மாணவன் இவ்வாண்டு திடீரெனத் தளர்கிறான். சொற்கள் அவன் நாவில் கனக்கின்றன. சோம்பல் என்கிறார் ஒருவர். அக்கறையின்மை என்கிறார் மற்றொருவர். பாடத்திட்டமோ பின்னால் விரைந்து வந்துகொண்டிருக்கிறது. விசாரித்தால், வீட்டில் அவனோடு தமிழ் பேசிய ஒரே உயிராகிய பாட்டி மறைந்து சில திங்களே ஆகியிருக்கும். அவள் இருந்தவரை அவளுடைய உதவியை ஒருவரும் அறியவில்லை, அவனும் அறியவில்லை.

தளர்ந்தவனை முட்டுக்கட்டை என்று இகழ்வது எளிது. அவனுக்குத் துணைநின்ற கை எங்கே போயிற்று என்று கேட்பதே ஆசிரியர்க்கு அழகு.