இரவில் மேய்ந்த பயிர்



மேட்டுப்பாளையத்திற்கு அப்பால், மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்திற்குச் சிறிதளவு நிலம் இருக்கிறது. பாதியில் வாழை, மீதியில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் மாறி மாறி விளையும். பெரியத்தாவின் மகனான மூத்த அண்ணன்தான் அங்கேயே தங்கி விவசாயம் பார்க்கிறார். மற்ற நாங்கள் அனைவரும் கோவை நகரில் கடை, அலுவலகம் என்று வாழ்கிறவர்கள். அறுவடைக்குப் பத்து நாட்களே இருந்த வேளையில், அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து சோளக்காட்டை உழுதுபோட்டுவிட்டுச் சென்றது. கதிரைத் தின்றது கொஞ்சம்; சாய்த்து மிதித்து நாசமாக்கியதே மிகுதி.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் குடும்பத்தார் பெரியத்தா வீட்டில் கூடினோம். ஆறுதல் சொல்லச் சென்ற இடத்தில் ஒரு பெரிய விவாதமே மூண்டது. அதில் எழுந்த கேள்விகள் நம்மில் பலருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

அண்ணனிடம் முன்தினம் ஒருவர் வந்து, "ஏனுங்க பாய், நாலு அவுட்டுக்காய் வெச்சுட்டா ஒரே வாரத்துல தோட்டம் சுத்தமாயிருமுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து வைப்பதே அவுட்டுக்காய். கடித்தவுடன் வாயிலேயே வெடிக்கும். அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "பன்றி நமக்கு ஹராமான பிராணி. அதைக் கொல்வதில் என்ன பாவம் வந்துவிடும்?" என்று கேட்டார்.

கல்லூரியில் படிக்கும் தங்கை மகன் வேறொரு யோசனை சொன்னான். பாகிஸ்தானின் வடபகுதி மலைகளில் மார்க்கோர் என்னும் சுருள்கொம்பு மலையாடு வாழ்கிறது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வேட்டை உரிமங்களை மட்டும் பெருந்தொகைக்கு ஏலம்விட்டு, அந்தத் தொகையில் 80 சதவீதத்தை அங்குள்ள கிராம மக்களுக்கே கொடுக்கிறார்கள். வயது முதிர்ந்த கிடாக்களை மட்டுமே சுட அனுமதி. திருட்டு வேட்டை குறைந்து, மார்க்கோரின் எண்ணிக்கை கூடியது. 2015இல் உலகப் பட்டியலிலும் அது அழியும் நிலையிலிருந்து இரண்டு படிகள் மேலான இடத்திற்கு மாற்றப்பட்டது. "இங்கும் உரிமம் கொடுத்தால் என்ன மாமா?" என்பது அவனுடைய கேள்வி.

அவன் அறியாத செய்தி ஒன்று உண்டு. உரிமம் பெற்று வேட்டையாடும் முறை நம் மண்ணுக்குப் புதிதன்று. நீலகிரியில் வேட்டைக்கார வெள்ளையர்களே 1877இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். கண்டபடி சுட்டால் சுடுவதற்கு எதுவுமே மிஞ்சாது என்பதை அவர்களே உணர்ந்திருந்தார்கள். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் வேட்டையை முழுவதுமாக மூடிவிடவில்லை. சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை எனத் தனித்தனி உரிமங்கள் அதில் இருந்தன. பெருவேட்டைப் பட்டியலில் புள்ளிமானும் கடமானும் இடம்பெற்றிருந்தன. நம் காட்டுப்பன்றியும் அதே பட்டியலில்தான் இருந்தது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் இந்த உரிமங்களுக்கெல்லாம் முடிவு கட்டியது. இன்று காட்டுப்பன்றி சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியின்றிக் கொன்றால் சிறைத்தண்டனை உண்டு.

அப்படியானால் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. உயிருக்கோ விளைந்து நிற்கும் பயிருக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரத்தைச் சட்டம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அளித்துள்ளது. கேரள அரசு 2022இல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் வரை கொண்டு சென்றது. நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் ஒரு நடைமுறை அறிவிக்கப்பட்டது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே சுடலாம். எங்கள் தோட்டம் காட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆகவே எங்களுக்குக் கிடைக்கக்கூடியது கூண்டுதான்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம்.

பன்றி இறைச்சியை உண்பதுதான் நமக்கு விலக்கப்பட்டது. உண்ணக்கூடாத பிராணிகளையெல்லாம் தேடிக் கொல்லுங்கள் என்று நமக்குக் கட்டளை எதுவும் இல்லை. பூமியில் ஊர்ந்து செல்லும் உயிரினங்களும் இறக்கைகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் (6:38) கூறும்போது, ஹலாலானவற்றை மட்டும் பிரித்துச் சொல்லவில்லை. தீங்கு தரும் பிராணியைத் தடுக்கவும், வேறு வழியில்லாதபோது கொல்லவும் மார்க்கத்தில் அனுமதி உண்டு. இஹ்ராம் நிலையிலும் கொல்லத்தக்க ஐந்து பிராணிகளைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். ஆனால் கொல்லும் முறைக்கும் நமக்கு ஒழுக்கம் கற்பிக்கப்பட்டுள்ளது. அறுக்கும்போதும் கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்கு நிம்மதி கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். உயிருள்ளதைக் குறிபார்க்கும் இலக்காக்குவதைத் தடுத்தார்கள். எறும்புப் புற்று எரிக்கப்பட்டிருப்பதைக் கண்டபோது, நெருப்பைக் கொண்டு வேதனை செய்வது நெருப்பின் இறைவனுக்கு மட்டுமே உரியது என்று கண்டித்தார்கள்.

அவுட்டுக்காய் வெடித்தவுடன் பிராணி உடனே சாவதில்லை. தாடை சிதைந்து, தின்னவும் முடியாமல், நீர் அருந்தவும் முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. பன்றிக்கென்று வைத்ததைப் பன்றிதான் கடிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கோவை வனப்பகுதியில் யானைகள் அவ்வாறு வாய் சிதைந்து இறந்திருக்கின்றன. மேய்ச்சலுக்குப் போன பசுமாடுகளும் கடித்திருக்கின்றன. மின்வேலியின் கதையும் இதுவே. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, வயலைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் மடிந்தன. இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன.

இவ்வளவையும் நாங்கள் எடுத்துச் சொன்னபோது அண்ணன் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "யானைக்கு இரக்கப்படுகிறீர்கள், பன்றிக்கும் இரக்கப்படுகிறீர்கள். உரக்கடைக்குக் கடன் கட்ட வேண்டியவன் நான். எனக்கு யார் இரக்கப்படுவது?"

எங்களில் எவராலும் உடனே பதில் சொல்ல இயலவில்லை. நகரத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து வனவிலங்குகளை நேசிப்பது எளிது. அந்த நேசத்திற்கான விலையை அவர் ஒருவரே கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அஸர் தொழுதுவிட்டு வந்தபின் பெரியத்தா ஒரு செய்தியை நினைவூட்டினார். சூரத்துல் அன்பியாவில் (21:78-79), ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் மேய்ந்த விளைநிலத்தைப் பற்றிய வழக்கு வருகிறது. விரிவுரையாளர்கள் அதை விளக்குகிறார்கள்: நஷ்டத்திற்கு ஈடாக ஆடுகளை நிலக்காரருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று தாவூத் (அலை) தீர்ப்பளித்தார்கள். சுலைமான் (அலை) வேறொரு தீர்வு கண்டார்கள். ஆடுகள் சிறிது காலம் நிலக்காரரிடம் இருக்கட்டும். அவற்றின் பாலையும் ரோமத்தையும் அவர் பயன்படுத்திக்கொள்ளட்டும். அதுவரை ஆட்டுக்காரர் நிலத்தைச் சீர்செய்து, பயிர் பழைய நிலைக்கு வந்ததும் திருப்பிக் கொடுத்துத் தம் ஆடுகளைப் பெற்றுக்கொள்ளட்டும். அந்தத் தீர்ப்பில் ஆடும் அழியவில்லை, நிலமும் அழியவில்லை. இரவில் கால்நடை விளைவிக்கும் சேதத்திற்கு அதன் உரிமையாளரே பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்களும் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

"காட்டுப்பன்றிக்கு ஆட்டுக்காரன் யார்?" என்று தங்கை மகன் கேட்டான். நல்ல கேள்வி. வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கு அரசின் சொத்து என்று வனவிலங்குச் சட்டமே சொல்கிறது. ஆகவேதான் மான்கறி ஹலாலானதாயிற்றே என்று யாரேனும் வீட்டுக்குக் கொண்டுவந்தால், அதை வாங்குவது பிறருடைய பொருளைத் திருட்டுத்தனமாக வாங்குவதற்கு ஒப்பாகும். செத்தபின் அரசுக்கு உரியது என்றால், உயிரோடிருக்கும்போது அதன் மேய்ப்பரும் அரசுதானே? மேய்ப்பர் என்றால் இரவில் மேய்ந்த பயிருக்குப் பதில் சொல்லும் கடமையும் அவருக்கு உண்டு. அந்த அரசுக்குப் பின்னால் நிற்பவர்கள் வரி செலுத்தும் நாம் எல்லோரும்தான். காடு பிழைத்தால் பவானியிலும் சிறுவாணியிலும் நீர் பெருகும். அந்த நீரைக் குடிப்பவர்கள் நகரத்திலுள்ள நாம். நன்மை நமக்கும் நஷ்டம் அடிவாரத்து விவசாயிக்கும் என்பது நீதியாகாது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஹிமா என்னும் பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பொறுப்பாளராக ஹுனை என்பவரை நியமித்தபோது அவர்கள் சொன்ன அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடுங்கள். பெருஞ்செல்வர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள் என்பதே அதன் கருத்து. செல்வர்களின் மந்தை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் பயிரும் இருக்கின்றன. ஏழைக்கு வேறு எதுவும் இல்லை என்று காரணமும் சொன்னார்கள். நிலத்தைப் பாதுகாக்கும் சட்டம் எளியவரின் வயிற்றில் அடிக்கலாகாது என்பதை அன்றே வகுத்துத் தந்தார்கள்.

தங்கை மகனின் மார்க்கோர் யோசனைக்கும் இதிலேயே பதில் இருந்தது. அங்கே பலன் தந்தது துப்பாக்கி மட்டுமன்று. விலங்கோடு வாழும் மக்களின் கைக்கு வருமானம் போய்ச் சேர்ந்ததே முதன்மையான காரணம். அதற்குப் பணம் படைத்தவர்களின் கேளிக்கை வேட்டைதான் வழியாக வேண்டும் என்பதில்லை. நீலகிரி வரையாட்டைப் பாருங்கள். நம் மாநில விலங்கான அதைத் தமிழ்நாடு அரசு தனித்திட்டம் தீட்டிக் காக்கிறது. எவரும் அதைச் சுடுவதற்காகப் பணம் கட்டவில்லை. 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 1,031 ஆக இருந்த எண்ணிக்கை, 2025இல் 1,303 என்று பதிவாயிற்று.

நம் ஆனைகட்டியில் ஒரு பறவையியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அது தாங்கி நிற்கும் பெயர் ஸாலிம் அலீ. மும்பையில் பிறந்த அந்த முஸ்லிம் சிறுவர் ஒருநாள் காற்றுத்துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் இருந்த மஞ்சள் நிறம் அவருக்கு வியப்பூட்டியது. அது என்ன பறவை என்று அறிய விரும்பியபோது, மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பிவைத்தார். கொன்ற கையே பின்னர் இந்தியப் பறவைகளின் பாதுகாவலாக மாறியது. கையில் துப்பாக்கி இருக்கும் பிள்ளையிடமும் பேசிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறோம். அவுட்டுக்காய் வேண்டாம் என்று அண்ணனே சொன்னார். அந்த ஆண்டின் நஷ்டத்தை உடன்பிறந்தோர் அனைவரும் பங்கிட்டு, உரக்கடைக் கடனை அடைத்தோம். அறுவடைக் காலத்தில் இரவுக் காவலுக்கு ஆள் வைக்கும் கூலியை நகரத்தில் இருப்பவர்கள் ஏற்றுக்கொண்டோம். இழப்பீடும் கூண்டும் கேட்டு வனத்துறைக்கு மனு எழுதிக் கொடுத்தோம். முறையாகப் பதிவு செய்த சூரிய மின்வேலி அமைப்பதைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பன்றிகள் அதன்பின் வரவே இல்லை என்று சொல்ல மாட்டோம். வந்தன, ஆனால் அண்ணன் தனியாக விழித்திருக்கவில்லை. சென்ற மாதம் அவருடைய காவல் குடிசையில் நாங்கள் இருவர் தங்கினோம். தூரத்தில் தகரம் தட்டும் ஓசையும் நாய்களின் குரைப்பும் விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தன. அண்ணன் எத்தனை ஆண்டுகளாக இப்படி விழித்திருக்கிறார் என்று அன்றைக்கு முன் நாங்கள் கேட்டதே இல்லை.

நம் கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டுவந்து, மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்று அல்லாஹ் சோதிப்பதாகத் திருக்குர்ஆன் (5:94) கூறுகிறது. அது இஹ்ராம் அணிந்தோருக்கான வசனம் என்றாலும், அதன் படிப்பினை அந்த உடையோடு முடிந்துவிடவில்லை. யாரும் பார்க்காத இரவில், பயிர் அழிந்த ஆத்திரத்தில், கையில் வெடிமருந்தோடு நிற்கும் ஒருவருக்கு வரும் சோதனையும் அதுவே. அவரைத் தனியே அந்தச் சோதனையில் நிறுத்தியிருக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

உங்கள் குடும்பத்திலோ ஜமாஅத்திலோ அடிவாரத்தில் பயிர் செய்பவர் எவரேனும் இருந்தால், அடுத்த முறை சந்திக்கும்போது விளைச்சலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். இரவுகளைப் பற்றியும் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் விவசாயிகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. அவன் படைத்த உயிர்கள் மீது இரக்கத்தையும், அந்த இரக்கத்தின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.