நூலகத்துக்குப் போகும் தெரு

போன மாதம் எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் ஒரு வாக்குவாதம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, எல்லாப் புத்தகமும் பிடிஎஃப்பா போன்லயே கிடைக்குது. டெஸ்டும் ஆன்லைன்லயே எழுதிடலாம். அப்புறம் எதுக்கு தினமும் ஊருக்குள்ள நடந்து லைப்ரரிக்குப் போகணும்? அவங்க மூஞ்சியப் பாக்காம இருக்குறதே நிம்மதி."

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் சொன்ன நிம்மதியை நாங்களும் அனுபவித்திருக்கிறோம்.

நாங்கள் வேலை செய்யும் கிராமத்தில் பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, நூலகம் எல்லாமே ஊர்த்தெருவில்தான். காலனி ஓடைக்கு அந்தப் பக்கம். நூலகத்தில் எங்கள் பிள்ளைகள் போய் உட்கார ஒன்றரை வருடம் ஆனது. யாரும் 'வராதே' என்று சொல்லவில்லை. 'எந்தத் தெரு?' என்று கேட்பார்கள். சைக்கிளில் போனால் முறைப்பார்கள். பிள்ளைகள் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். நாங்கள் கூடவே நடந்து, கூடவே உட்கார்ந்துதான் அது பழக்கமானது.

இணையம் நமக்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். செயலியில் சாப்பாடு வாங்கினால் தனிக்குவளை இல்லை. சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க முடிகிறது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியே வந்ததும் போன் வழியாகத்தான். அந்தப் படம் பரவாமல் இருந்திருந்தால் நடவடிக்கை வந்திருக்காது என்றே நினைக்கிறோம்.

ஆனால் அந்தப் படத்தில் பிரச்சினை என்ன? ஒரு நாற்காலி. கூட்டத்தையே வீடியோ அழைப்பில் நடத்தியிருந்தால் தரையில் உட்காரும் அவமானம் இருந்திருக்காது. நாற்காலியும் கிடைத்திருக்காது.

வரலாற்றைத் திரும்பிப் பாருங்கள். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க 1923-இலேயே பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1924-இல் மகாத் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் உரிமை வந்துவிட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதில் அடி விழுந்தது. குளத்துக்குத் 'தீட்டுக்கழிக்க' சடங்கும் நடந்தது. இங்கே ரெட்டமலை சீனிவாசன் 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானமும் தெருவையும் கிணற்றையும் பற்றியதுதான். அரசியலமைப்பின் 15(2) பிரிவைப் படித்தால் கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று இடங்களாகவே வரும். நம்முடைய உரிமைகள் இடங்களின் பெயரால் எழுதப்பட்டவை.

அந்த இடங்களை விட்டு நாமே வெளியேறிவிட்டால் யாருக்கு லாபம்? நாம் வராமல் இருப்பதைத்தான் அந்தத் தெரு இத்தனை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இணையத்துக்குள் சாதி இல்லை என்றும் ஏமாற வேண்டாம். திருமணத் தளங்களில் சாதிக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. நம் பிள்ளை நீலக் கொடியை முகப்புப் படமாக வைத்தால் என்ன மாதிரியான பின்னூட்டம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் ஊரடங்கில் கற்றோம். 2020-இல் வகுப்புகள் போனுக்குப் போனபோது, மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவில் வந்தால் முதலில் அண்ணன் கைக்கு, பிறகு தம்பி கைக்கு. பெண் பிள்ளையின் முறை வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். படிப்பகம் மறுபடி திறந்தபோது முதலில் ஓடி வந்தவர்கள் பெண்கள்தான். 'படிக்கப் போறேன்' என்று வீட்டை விட்டு வெளியே வரக் கிடைத்த இரண்டு மணி நேரம் அது. அந்த அனுமதியை எந்தச் செயலியும் வாங்கித் தராது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னோம். அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரிக்கா, அந்த முறைப்ப தினமும் நாங்கதான தாங்குறோம்?" என்றான்.

அந்தக் கேள்வியில்தான் எங்கள் தவறு தெரிந்தது. பழகிவிட்டார்கள் என்று நினைத்து நாங்கள் கூடப் போவதை நிறுத்தியிருந்தோம். பதினேழு வயதுப் பிள்ளைகளின் முதுகில் ஒரு போராட்டத்தை ஏற்றிவிட்டு, அதற்கு வாசிப்புப் பழக்கம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அதனால் இப்படி முடிவு செய்தோம். விண்ணப்பம், மாதிரித் தேர்வு, மனு, எல்லாம் ஆன்லைனில் போகட்டும். கால் வலிக்கக் காத்துக் கிடப்பதில் பெருமை எதுவும் இல்லை. ஆனால் நூலகத்துக்கும் கிராம சபைக்கும் நேரில்தான் போவோம். பிள்ளைகள் மட்டுமல்ல, காலனிப் பெரியவர்களும் ஞாயிறுதோறும் நாளிதழ் படிக்க நூலகம் போகிறோம். மனம் சோர்ந்த நாளில் எந்தப் பிள்ளையும் வீட்டிலேயே பிடிஎஃப் படிக்கலாம். அது தோல்வி இல்லை. அன்றைக்கு அவர்கள் இடத்தில் நாங்கள் போய் உட்காருவோம்.

தம்பி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. போன ஞாயிறு மட்டும் அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஐம்பது வயதில் அவர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் முறை.

தோழர்களே, உங்கள் ஊர் நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது?

ஜெய் பீம்.