காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்!

2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தக் காய்ச்சலின் பொல்லாத குணமே ஏமாற்றுவதுதான். மூன்று முதல் ஏழு நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்று மூச்சு விடுவார்கள். பலருக்கு அத்தோடு சுகம்தான். ஆனால் சிலருக்கு அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, முரசில் இரத்தம், எழும்ப முடியாத சோர்வு... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான் (பப்பாசி இலை தேடி ஓடுவதற்கு அது நேரமில்லை!). உடம்புவலிக்கு அஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு.

நுளம்பு பகலில் கடிக்கும், தெளிந்த நீரில் பெருகும். வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது நண்பர்களே. முட்டை உட்சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேய்த்துத்தான் கழுவ வேண்டும்.