தராசு முள்

புளத்கொகுபிட்டியப் பகுதித் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்திலே தராசு யாவரும் காணவே தொங்கும். மறைவு யாதுமில்லை. ஆயினும் முள்ளை நிமிர்ந்து நோக்குவோர் சிலரே. வரிசையோ நீளம், நிரைக்குத் திரும்பும் அவசரம் வேறு, கேட்பவள்மேல் கணக்கப்பிள்ளைக்குச் சினமும் எழும். அவ்வரிசையில் நின்ற தாயொருத்தி, மகளின் பழைய கொப்பியொன்றில் நாள்தோறும் தன் நிறையைக் குறித்துவந்தாள். மாதமுடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டபோது, மேலதிகக் கொழுந்தில் ஒன்பது கிலோ காணாமற் போயிருந்தது.

கணினியை இயக்கும் திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளும் இவ்வாறு பொதுவிடத்திலே தொங்கும் தராசுகளே. லினக்ஸ் முதலியவற்றின் செய்நிரலை எவரும் வாசிக்கலாம்; ஆகவே அங்கு பழுது மறைந்திருக்க இயலாதென்பர். வாசிக்கக்கூடியது வேறு, வாசிக்கப்பட்டது வேறு.

2006 ஆம் ஆண்டில் டெபியன் என்னும் முறைமையைப் பேணுவோருள் ஒருவர், இரகசியத் திறவிகளை ஆக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஓரிரு வரிகளை நீக்கினார். பிழைதேடும் கருவியொன்று அவ்வரிகளைக் குறித்து ஓயாது எச்சரித்ததே காரணம். அவர் தீயரல்லர், நீக்குமுன் பிறரிடம் வினவியுமிருந்தார். தடுப்பார் எவருமிலர். ஆனால் திறவிகளை ஊகிக்க இயலாதவையாக்கியவை அவ்வரிகளே. அதன்பின், ஒரே வகைக் கணினியில் ஒரே அளவில் ஆக்கத்தக்க திறவிகள் 32,768 அளவிற் சுருங்கின. கள்வனின் கணினிக்கு இது பெருந்தொகையன்று. பட்டப்பகலிற் கிடந்த அத்துளையை லூசியானோ பெல்லோ கண்டு, 2008 மே மாதத்திலேயே அது வெளிப்படுத்தப்பட்டது. நிரலைத் திருத்தியதோடு வேலை முடியவுமில்லை. இடைப்பட்ட காலத்தில் ஆக்கிய திறவிகள் அனைத்தும் எறியப்பட வேண்டியனவாயின; பழுதானவற்றை இனங்காணப் பட்டியலும் வழங்கப்பட்டது.

தியோ டி ராட் தலைமையிலான ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் 1996 முதல் வேறு வழி சென்றனர். முறைப்பாடு வரும்வரை காத்திராது, கோப்புக் கோப்பாகத் தாமே நிரலைப் படித்தனர். ஓரிடத்திற் கண்ட பிழையின் வகையை ஏனைய இடங்களிலெல்லாம் தேடினர். சலிப்பூட்டும் தொழில்தான், புகழும் அரிது. சிறு கவனக்குறைவென்று அவர்கள் திருத்திச் சென்றவை சில, உண்மையிலே கள்வர் நுழையும் வாயில்கள் என்பது மாதங்கள் கழித்தே தெரியவந்தது.

கொப்பியைக் காட்டிய தாய்க்கு ஒன்பது கிலோவும் அடுத்த சம்பளத்திற் சேர்க்கப்பட்டன. கொப்பி எழுதாத முன்னைய மாதங்களைப் பற்றி அவளாலும் எதுவும் கேட்க இயலவில்லை.