அப்பாவின் நாலு நம்பர்

வாசகர்களே, உங்கள் லயத்திலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். என் அப்பா, அண்ணன் விழுந்து காலை முறித்துக்கொண்ட மோட்டார் சைக்கிளின் நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்து, விடாமல் எடுத்தார். என் பள்ளிக்கூடச் சப்பாத்துக் காசும் அதில்தான் போனது.

"இத்தனை வருஷமா வரலியே, இனி வந்துதானே ஆகணும்?" என்பார்.

ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். 0 முதல் 9 வரை பத்து இலக்கம். முதல் இலக்கம் பொருந்தப் பத்தில் ஒரு வாய்ப்பு. முதலில் என்ன விழுந்தது என்று இரண்டாவதற்குத் தெரியாது. அதற்கும் பத்தில் ஒன்றுதான். ஆகவே பெருக்க வேண்டும். நான்கும் பொருந்த 10,000-இல் ஒன்று. வாரம் 3 குலுக்கல் என்று வைத்தால் வருடத்துக்கு 156. முதல் பரிசு விழச் சராசரியாக 64 வருடம்! ஆறுதல் பரிசுவரை 23 பரிசையும் சேர்த்தாலும், ஒரு குலுக்கலில் ஏறக்குறைய 435-இல் ஒன்றுதான். வராத நம்பர் என்பதற்காகப் பந்து இரக்கப்படுமா?

அப்பா வெகுநேரம் யோசித்தார்.

"அப்போ, நேத்து வந்த நம்பரே நாளைக்கும் வரலாமா?"

"வரலாம்பா. அதுக்கும் இதே வாய்ப்புதான்."

அந்த வாரம் அப்பா இரண்டு நம்பர் எடுத்தார். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.