சொல்லக் கூசும் இடம்

வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்கு வந்த எங்களுக்குத் தோல் வருத்தங்கள் புதியவை அல்ல. சவுக்காரத் தூளில் கை வெடிக்கும். ஓகஸ்ட் வெக்கையில் உடம்பெல்லாம் வேர்க்குரு போடும். முலைக்காம்பில் கடியும் சிவப்பும் வந்தால் அதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். பாமசியில் ஒரு கிறீம் வாங்கிப் பூசுகிறோம். கொஞ்சம் அடங்கும், பிறகு திரும்ப வரும்.

எங்களில் ஒருத்திக்கு இடது காம்பில் மட்டும் செதில் உரிந்தது. நீர் கசிந்து உடுப்பில் ஒட்டியது. ஐந்து மாதம் கிறீம் பூசியபின், வீட்டு மடத்திடம் 'ஸத்ர்' என்றாள். அந்த அரபுச் சொல்லுக்கு நெஞ்சு என்றும் மார்பு என்றும் பொருள். இருதயத்தைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனபிறகே அவளது தோலில் துளி வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். மார்பையே எடுக்க வேண்டிவந்தது.

இந்த நோயை 1874இல் விபரித்தவர் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் பஜெற். 15 பெண்களுக்குக் காம்பில் ஆறாத சிரங்கு இருந்ததைக் கண்டார். அவர் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு இரண்டு வருடங்களுக்குள் அதே மார்பில் புற்றுநோய் வந்தது. இன்று நோய்க்கும் அவர் பெயர்தான். மார்பகப் புற்றுநோய்களில் 100க்கு 1 முதல் 4 வரையே இது. பால்குழாய்களில் தோன்றும் புற்றுக் கலங்கள் காம்பின் தோலுக்கு ஏறி வருகின்றன என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். கட்டி கைக்குத் தட்டுப்படாமலும் இருக்கலாம். கரப்பான் பெரும்பாலும் இரு பக்கமும் வரும். இதுவோ அநேகமாக ஒரு பக்கம், அதுவும் காம்பிலேயே தொடங்கும்.

எமிரேற்ஸில் விசாவுக்கான பரிசோதனையில் காசநோயும் எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள். எங்களுக்குக் கர்ப்பமும் பார்க்கிறார்கள். மார்பை யாரும் பார்ப்பதில்லை. எங்களால் மற்றவர்களுக்கு என்ன வரும் என்பதே அங்கே கேள்வி. 2025 ஜனவரி முதல் வீட்டுப் பணியாளருக்கும் ஏழு எமிரேற்றுகளிலும் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். சார்ஜாவில் 2011இல் தொடங்கிய 'பிங்க் கரவன்' வெளிநாட்டுப் பெண்களுக்கும் இலவசமாக மார்பகப் பரிசோதனை செய்து வந்திருக்கிறது. ஆனால் அங்கே போக லீவு வேண்டும், வாசலைத் தாண்ட அனுமதி வேண்டும். வாயில் ஒரு சொல்லும் வேண்டும்.

அந்தச் சொல் அரபியில் 'ஹலமா'. தமிழில் முலைக்காம்பு. பிள்ளைக்குப் பால் கொடுத்த இடத்தின் பெயரைச் சொல்ல ஊரிலும் எங்களை யாரும் பழக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் வந்த புண் இரண்டு மூன்று கிழமைக் கிறீமுக்கு ஆறவில்லையென்றால் அந்தப் பெயரைச் சொல்லுவோம். தோலை வெட்டிப் பாருங்கள் என்று கேட்போம். கூச்சத்துக்காக இன்னொருத்தியின் மார்பையும் கொடுக்க எங்களால் இயலாது.